காவலர்களை வெளியே நிற்கச் சொன்ன தேன்மொழி

வழக்கறிஞர் தேன்மொழி அம்மையார் காலமான செய்தி வந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி நீதிமன்றத்துக்குப் புறப்பட்டவர், வேப்பம்பட்டு வீட்டு வாசலிலேயே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன்.

நான் கைதியாக நின்றபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். பழைய கம்பெனியில் செம்புக் கம்பி காணாமல் போனதற்கு என்னைப் பிடித்துப் போனார்கள். நான் எடுக்கவில்லை; ஆனால் அடி தாங்காமல், எடுத்ததாகச் சொல்லிவிட்டேன். என் மனைவி அலைந்து திரிந்து அவரை அழைத்து வந்திருந்தாள். ரிமாண்டுக்கு நிறுத்தியபோது, போலீசார் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அடித்தவர்கள் என் இரு பக்கமும் நின்றார்கள். இல்லையென்று தலையாட்டினேன்.

தேன்மொழி அம்மையார் எழுந்தார். "ஐயா, இவங்களை வெளியே நிக்கச் சொல்லிட்டு இதே கேள்வியத் திரும்பக் கேளுங்க."

கேட்டார். இப்போது பக்கத்தில் போலீசார் இல்லை; சட்டையைக் கழற்றிக் காட்டினேன். காயங்கள் பதிவாயின. போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று பிறகு வாதாடினார். அதைத் தவிர அவர்களிடம் எதுவுமில்லை. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. விடுதலையானேன்.

பின்னொரு நாள் அவருடைய சங்கிலியையே எவனோ அறுத்துக்கொண்டு ஓடினான். ஒரு பெயிண்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடையாளம் காட்ட அவரைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். செய்தி கேட்டு ஓடிய நானும் உடன் போனேன். பெயிண்டரின் முகம் வீங்கியிருந்தது.

"உங்களுக்காகத்தாம்மா புட்ச்சிகினு வந்தோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்காக யாரையும் அடிக்காதீங்க. அறுத்தவன் மூஞ்சிய நான் பாக்கல. இவரை எதுக்குக் கைது பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா ஊட்டுக்கு அனுப்புங்க."

பெயிண்டரை விடும்வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒருவேளை அந்த ஆள்தான் அறுத்திருந்தால் என்று வெளியே வந்ததும் கேட்டேன். "கோர்ட்டுல நிரூபிக்கட்டும். அப்பவும் அவருக்கு ஒரு வக்கீல் வேணும்ல?" என்றார். சங்கிலி கிடைக்கவேயில்லை.

நேற்று இறுதி ஊர்வலம். காலமெல்லாம் திருடர்களுக்கு வாதாடி என்ன கண்டார் என்று உறவினர் ஒருவர் பாடையருகே முணுமுணுத்தார். அந்தப் பெயிண்டரும் வந்திருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அண்ணாத்தே, எங்களுக்குத்தான் வாதாடுனாங்க. தள்ளிக்கோ, நாங்க தூக்கறோம்."

அவரால் வெளியே வந்தவர்கள் சேர்ந்து தூக்கினோம். சாலையோரம் காவல் ஜீப் ஒன்று நின்றது. அதைத் தாண்டும்போது எங்களில் ஒருவரும் தலை குனியவில்லை.

போய் வாருங்கள், அம்மா.