ஸ்டெல்லா நோட்டுக்குப் போட்ட பழுப்பு அட்டை

இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வகுப்பறையைத் திறந்ததும் ஒரு வாடை வருமே, ஞாபகம் இருக்கிறதா? வௌவால் புழுக்கை, தூசி, பழைய சாக்பீஸ்... எல்லாம் சேர்ந்த வாடை. ஜூன் மாதம் ஸ்கூல் திறந்த அன்றைக்கு எங்களுக்கு முதல் பாடமே துடைப்பம்தான். நாங்களே தண்ணீர் தெளித்து, கூட்டி, பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவோம்.

பொம்மிடி பக்கத்தில் ஒரு கவர்மெண்ட் ஸ்கூல். அப்போது எட்டாம் வகுப்பு.

ஜன்னலோர பெஞ்சில் என் பையை வைத்து, பக்கத்து இடத்தில் சாப்பாட்டுத் தூக்கையும் வைத்தேன். அந்த இடம் ஸ்டெல்லாவுக்கு. மூன்று நாள் யார் யாரோடோ சண்டை போட்டு அந்த இடத்தைக் காப்பாற்றினேன். நாலாம் நாள்தான் வந்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். லீவு விட்டதும் அவள் குடும்பத்தோடு பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுவாள்.

பெங்களூர்!

நானோ லீவு முழுக்க எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளி தட்டினேன். நகக்கண்ணெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அவள் வந்ததும் வராததுமாக, "ஊட்டா ஆயிதா?" என்றாள். சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்கிறாளாம். வகுப்பே அவளைச் சுற்றி நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. மூன்று நாள் இடம் பிடித்து வைத்த என்னை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குமேல் அந்த நோட்டுகள்...

எங்கள் நோட்டுக்கெல்லாம் பழைய நியூஸ்பேப்பர்தான் அட்டை. ஒரு வாரத்தில் ஓரம் கிழிந்து தொங்கும். ஸ்டெல்லாவின் ஆறு நோட்டுக்கும் கனமான பழுப்புத் தாளில் அட்டை. ஒரு சுருக்கம் இல்லை, மூலை ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நிற்கும். கணக்கு டீச்சர் அதைத் தூக்கிக் காட்டி, "அட்டை போட்டா இப்பிடிப் போடோணும். உங்குளுதும் இருக்குது பாரு, சுண்டல் பொட்டலமாட்டம்" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது என் நோட்டைத்தான் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டெல்லா தூக்குக் கழுவப் போன நேரம், அவள் கணக்கு நோட்டை எடுத்து அட்டையைப் பிரித்தேன். எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் பிரித்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் அதைக் கிழித்துவிடத்தான் எடுத்தேன்.

உள்பக்கம் சிவப்பு எழுத்து. ஒரு கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே ஐம்பது கிலோ என்று போட்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெஞ்சின்மேல் ஏறி நின்றேன்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி... சிமெண்ட் மூட்டை!"

வகுப்பே சிரித்தது. ஸ்டெல்லா தண்ணீர் சொட்டும் தூக்கோடு வாசலில் நின்றாள். அழவில்லை. என் கையிலிருந்து அட்டையை வாங்கி, பழைய மடிப்பு மாறாமல் நோட்டுக்குப் போட்டாள். போட்டுக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பில்டிங் கட்டற எடத்துலதான் ரெண்டு மாசமும் இருந்தம். தகர ஷெட்டு. எங்கம்மா சித்தாளு, நான் தம்பியப் பாத்துக்கிட்டன். எங்கப்பா தெனமும் வேல முடிஞ்சி வந்து, இந்தத் தாள ஈரத்துணியில தொடச்சி, பாய்க்கு அடியில வச்சி நேராக்குனாரு. ஊருக்குக் கெளம்பறப்ப அவரேதான் அட்டையும் போட்டுக் குடுத்தாரு."

இதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்போது எனக்கு வந்தது இன்னும் பெரிய பொறாமை. எங்களுக்குத் தோப்பு இருந்தது, கிணறு இருந்தது, ஓட்டு வீடு இருந்தது. நான் எந்த வகுப்பு என்று கேட்டால், எங்கப்பா அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். ஒரு மனுஷன் சாயங்காலம் வந்து, மகளின் நோட்டுக்காகத் தாளைத் துடைத்து வைப்பாரா? அப்படி ஒரு அப்பா அவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தார்?

அடுத்த நாள் ஸ்டெல்லா வந்தாள். ஆறு நோட்டிலும் நியூஸ்பேப்பர் அட்டை. எங்களுடையதைப் போலவே.

நான் ஜெயித்துவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவள் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள், பேசினாள், சிரித்தாள். பத்தாம் வகுப்போடு பெங்களூருக்கே போய்விட்டாள்.

இப்போது என் மகளுக்கு ஸ்கூலிலேயே பிளாஸ்டிக் கவர் போட்டு, பெயர் அச்சடித்த லேபிள் ஒட்டி, கட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்பது பிள்ளைக்கும் ஒரே நீலம். யாரும் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட வழியில்லை. யாருக்கும் யாரும் உட்கார்ந்து அட்டை போடுவதும் இல்லை...

போன வாரம் பொம்மிடி ஸ்டேஷனில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அந்தோணியார் திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"ஸ்டெல்லா... எட்டாவதுல உன் நோட்டு அட்டை... ஞாபகம் இருக்குதா?"

அவள் முகமே மலர்ந்துவிட்டது. "எங்கப்பா போட்டுக் குடுத்ததா? அத மறப்பனா! அவரு போயி ஆறு வருசமாச்சி. இன்னும் அந்தக் கையி கண்ணுக்குள்ளயே நிக்குதுடி."

"அப்புறம் நான்..."

"நீயா? நீ என்னா பண்ண?"

நடிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறாள். அவளுக்கு அப்பா மட்டும்தான் ஞாபகம் இருக்கிறார். நான் பெஞ்சில் ஏறி நின்றதும் ஞாபகம் இல்லை, வகுப்பு சிரித்ததும் ஞாபகம் இல்லை.

"ஒண்ணுமில்லடி" என்றேன். ரயில் வந்தது, ஏறிக் கை காட்டினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், பிளாட்பாரத்தில் நின்றபோது அவள்மேல் எனக்கு வந்த பொறாமை, எட்டாம் வகுப்பில்கூட வந்ததில்லை.