பொன்னுதுரையும் கப்பல் அட்டையும்

கஜா பெராங்கில் பொன்னுதுரை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கித்தாக் கிடங்கில் ரப்பர் எடை போடும் வேலை; நின்றபடியேதான் சாப்பிடுவார். ஞாயிறானால் சைக்கிளை மிதித்து பத்து பெரெண்டாம் விமான நிலையத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று விமானம் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவார். பிறந்ததிலிருந்து அவர் ஏறியதென்னவோ பஸ் மட்டும்தான். பாவம், மனுஷருக்குக் கால் ஓர் இடத்தில் தரிக்காது, ஆனால் போக இடமில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. இந்த நாட்டுக்கும் சுதந்திரம் எப்போது என்று தெரிந்து ஊரே துள்ளிக்கொண்டிருந்த மாதம், நாகப்பட்டினத்திலிருந்து மகள் சீதாவின் கடிதம் வந்தது. எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டியது. நடுவே கடல் கிடக்கிறது. "ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்து பக்கத்துல இருங்கப்பா, பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். ஒருத்தர் போகத்தான் வீட்டில் வசதியும் இருந்தது.

அன்றே மேல்தட்டில் போகும் டெக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் விஷயம் முடிந்தது. பொன்னுதுரை கப்பல் ஏஜண்ட் கடைக்குள் நுழைந்தாரோ இல்லையோ, கடைக்காரத் தம்பி கணேசமூர்த்தி ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணே, மேல்தட்டுல பாயை விரிச்சுட்டு ஆறு நாள் வெயில்ல கெடக்கணுமா? இதை வாங்குங்க. வருஷம் அறுபது வெள்ளி சந்தா. கேபின்ல கட்டில், வரிசையில நிக்க வேணாம். மூணு தடவை போனா நாலாவது தடவை சும்மா லா!"

சும்மா! அந்தச் சொல் அவர் மண்டைக்குள் புகுந்து குடைய ஆரம்பித்தது. சந்தாவும் டிக்கெட்டும் சேர்ந்தால் கைப்பணம் பத்தாது. சம்பளம் வந்து அடுத்த கப்பலில்தான் போகமுடியும். அதற்கு மூன்று வாரம். பிள்ளை அதுவரை பொறுக்குமா? ஆனால் கட்டில்! வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். செமாபோக்கில் இருந்த சிநேகிதர் வேலாயுதத்திடம் போய்க் கேட்டார்.

"மூணு தடவை போவியா நீ?"

"போவேன்!"

"எதுக்கு?"

பொன்னுதுரை சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எட்டாம் நாள் சாயங்காலம் விண்ணப்பத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு அடுப்படியில் போய் நின்றார். மனைவி ருக்மணி இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ருக்கு, அட்டையே வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"எழுதினதை வாசிங்க, கேப்போம்."

"பயணியின் பெயர், பொன்னுதுரை. வயது ஐம்பத்தொன்று..."

அவள் இடியாப்ப உரலைக் கீழே வைத்தாள். "மகளுக்குப் பேறு பார்க்க நீங்களா போறீங்க?"

எட்டு நாளாக வெயில், கட்டில், சந்தா எல்லாவற்றையும் நினைத்தவர் இவளை நினைக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சத்தியமாகத் தோன்றவே இல்லை. அதுதான் கொடுமை!

ருக்மணி மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு டெக்கு டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். "இடியாப்பம் வித்த காசு. புதன்கிழமையே வாங்கிட்டேன். அந்தத் தம்பி என்கிட்டயும் அட்டையைக் காட்டுனான். எனக்கு ஒரு தடவை போனாப் போதும்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போறியான்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பார்த்தேன்."

துறைமுகத்தில் டெக்குப் பயணிகளின் வரிசை நீண்டு கிடந்தது. பெட்டியைப் பொன்னுதுரைதான் தூக்கி வந்தார், வீட்டிலிருந்த நல்ல பாயையும். கப்பலைப் பார்த்தார். அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். பதினெட்டு வயதில் இவரைக் கட்டிக்கொள்ள நாகப்பட்டினத்திலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவள் ருக்மணி. அதுவும் டெக்கில்தான்.

"ருக்கு, மேல்தட்டுல வெயில் ரொம்ப அடிக்குமா?"

"இருபத்தாறு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க" என்றாள் அவள். பாயை அவர் கையிலிருந்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினாள்.