வாசம் இல்லாத பட்டை

கள்ளுக்கடை மறியல் மும்முரமாக நடந்த வருஷம். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு மோட்டார் பஸ்ஸில் புறப்பட்டேன். மறியல் செய்த என் ஒரே தம்பியை வேலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். மறுநாள் கண்ணனூர் ஜெயிலுக்கு மாற்றப் போகிறார்கள், பார்ப்பதென்றால் அன்று மத்தியானத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஆள் வந்து சொல்லியிருந்தான்.

நான் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவள். அதைச் சொல்லிக்கொள்ள ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. என் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. தம்பிக்கு ஈறில் ரத்தம் கசிகிறதென்று கேள்விப்பட்டு, மென்று கொப்பளிக்கட்டுமென்று ஷாப்பிலிருந்து கொஞ்சம் ஆவாரம்பட்டை முடிந்து எடுத்துக்கொண்டேன். துவைத்து வெயிலில் காயவைத்த நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்கள். உத்தியோகஸ்தர் வீட்டு மனுஷி என்று பார்த்தாலே தெரிந்தது. பஸ் கிளம்பவே இல்லை, அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்கு பஸ்ஸுன்னாலே வாந்திதாம்மா. இப்பவே பொரட்டுது."

"வண்டியே நவுரலியேம்மா!" என்று சிரித்துவிட்டேன். ஆனாலும் பாவமாக இருந்தது. ஒரு துண்டுப் பட்டையைக் கொடுத்து, "இத்த மோந்துக்கினே வாங்க, ஒண்ணும் வராது" என்றேன். காய்ந்த பட்டைக்கு ஏது வாசம்? சும்மா தைரியத்துக்குச் சொன்னேன்.

அந்தக் காலத்து ரோடு ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆனால் மாதனூர் தாண்டியும் அந்த அம்மா தெம்பாகவே வந்தார்கள். "இன்னா வாசனைம்மா! நெஞ்சே குளுந்துபோச்சு" என்று என் தோளில் சாய்ந்துகொண்டு, மகள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னார்கள். பள்ளிகொண்டா நெருங்கும்போது கேட்டார்கள்.

"எந்தக் கடையில வாங்கின இத்த?"

"கடையில இல்லம்மா, தோல் ஷாப்புல. தோலு ஊறப்போடற பட்டை. நான் அங்கதான் வேலை செய்றேன்."

அவ்வளவுதான். பட்டையை வெளியே வீசி எறிந்தார்கள். என்னை விட்டு நகர்ந்தார்கள். அடுத்த மூச்சில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தார்கள்.

"இவ மேல வர்ற நாத்தந்தான்! எறக்கி வுடுங்க இவள!"

பின்னால் இருந்த தாடிக்காரப் பாய் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இவ்ளோ நேரம் அவ தோள்ல சாஞ்சிக்கினுதானே வந்தே? கால்ல போட்டுக்கினு இருக்கியே செருப்பு, அது இன்னா மல்லிப்பூவுல செஞ்சதா?"

எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டர் தலையைச் சொறிந்தபடி என்னிடம், "நீ கடைசியில போய்க் குந்திக்கிறியாம்மா?" என்றார்.

"பேஜார் பண்ணாத, கண்டக்டரே. நீ அங்கியே குந்தும்மா. யாரு எறக்கறாங்கன்னு நான் பாக்கறேன்" என்றார் பாய்.

யாரும் என்னை இறக்கிவிடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். பஸ் முழுக்க என்னையே பார்த்தது. என் கை தானாக முந்தானையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனது. நாறியது. காலையில் கட்டும்போது இல்லாத நாற்றம். சுண்ணாம்பும் பச்சைத் தோலுமாகக் குப்பென்று அடித்தது. ஷாப்பில் ஒருநாளும் மூக்கைப் பொத்தாதவள் அங்கே பொத்திக்கொண்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். ரோஷத்தில் இறங்கினேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஊரிலும் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

வெயிலில் நடந்து ஜெயில் வாசலை அடைந்தபோது, பார்க்கும் நேரம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கப்புறம் தம்பி கண்ணனூர் ஜெயிலிலேயே ஜுரத்தில் செத்துப்போனான்.

பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே சேலையை மறுபடி மோந்து பார்த்தேன். வெயிலில் காய்ந்த துணி வாசம்தான் இருந்தது.

அந்த அம்மாமேல் எனக்கு இப்போது கோபமில்லை, அவர்களுக்கு வாந்தி வந்தது நிஜம்தான்; ஒருத்தி சொன்ன பேச்சை என் மூக்கும் நம்பி, தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்துவிட்டதே, அதுதான் எனக்கு இத்தனை வயசாகியும் ஆறவில்லை.