வாசலில் எழுந்த தீவு

ஏரி நிரம்பி வழிந்த மறுநாள், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கென்று தனி வாசனை ஒன்று வரும். ஊறிய மண்ணும் பாசியும் யார் வண்டியிலிருந்தோ ஒழுகிய டீசலும் கலந்த அது, ஜன்னல் வழியே நுழைந்து, "இன்று பள்ளி இல்லை" என்று அறிவிக்கும். அத்தகைய ஒரு காலையில்தான், எட்டாம் வகுப்பு மாணவனாகிய நான், சர்வதேசக் கடல் சட்டத்தை முழுமனத்தோடு நடைமுறைப்படுத்தப் புறப்பட்டேன்.

அவ்வாண்டுப் பள்ளிப் பட்டிமன்றத்தின் தலைப்பே அண்டை நாடுகளின் கடல் எல்லைத் தகராறுதான். ஓரணிக்கு நான் தலைவன். மற்றதற்கு எதிர்வீட்டு டேனியல். இரு வாசல்களுக்கும் இடையே முழங்காலளவு நீர் நிற்கக் கண்டதும், சட்டம் சொல்லும் நடுக்கோட்டை மனத்தால் கிழித்து, ஆளுக்குப் பாதி என்று கைகுலுக்கினோம். குலுக்கிய கை காயுமுன், ஏரியிலிருந்து தப்பி வந்த விரால் ஒன்று டேனியலின் பாதியில் வாலடித்தது.

உடன்பாட்டை மறுபரிசீலனை செய்யும் அவசியம் எனக்கு உடனே விளங்கிற்று. பிறர் கார் நிறுத்தாதிருக்க, மதிலைவிட்டுத் தள்ளி அப்பா போட்டுவைத்த கருங்கல்லின் தலை நீருக்குமேல் தெரிந்தது. அது தீவு, சட்டப்படி தீவுக்கும் தனிக் கடல் எல்லை உண்டு, எனவே கோடு நகரும், எனவே விரால் எனது என்று முழங்கினேன்.

"மச்சான், அது வெறும் பாறை. மனுஷன் குடியிருக்க முடியாத பாறைக்கு மீன் உரிமை ஏதுடா?" என்றான் டேனியல்.

கல்மேல் ஏறி அமர்ந்தேன். "இப்போ குடியிருக்கேன், பாத்துக்கோ."

ஜன்னலில் அம்மா. "டேய், நம்ம வீட்டுக்குள்ள மீனே நுழையாது, உனக்கு எதுக்குடா அது? ரோட்டுத் தண்ணிக்குப் பட்டா வாங்கப் போறானாம்! உப்புமா ஆறுது, வா." உரிமை வேறு, உணவு வேறு என்பதை அம்மாவுக்கு விளக்க இயலாது, இறங்கினாலோ நாடே போய்விடும். பசியோடு ஆண்டேன்.

இதற்குள் டேனியலின் அம்மா எந்தச் சட்டமும் பாராது, பழைய கொசுவலையோடு இறங்கி விராலை அள்ளிச் சென்றார். நண்பகலில் மிளகாய் மணம் என் எல்லைக்குள் ஊடுருவியது. பின்னாலேயே வறுவல் தட்டை ஏந்தி, நீரைக் காலால் துழாவிக்கொண்டு டேனியல். "அம்மா குடுக்கச் சொன்னாங்க." எங்கள் ஜன்னலில் ஆளில்லை. உண்டேன்.

கடைசித் துண்டுவரை காத்திருந்து அவன் சொன்னான்: "வெளியிலேர்ந்து வர்ற சாப்பாட்டுல பொழைச்சா, அது தீவு இல்ல மச்சான், பாறைதான்."

மறுப்புரை நெஞ்சில் இருந்தது. வாயில் வறுவல் இருந்தது.

இன்று காட்டாங்குளத்தூரில் சட்டம் பயில்கிறேன். மேடையில் என்னை மடக்குவது அரிது. தார்மேல் தார் ஊற்றித் தெருவை உயர்த்தியதில் அந்தக் கல் சாலைக்குள் அமிழ்ந்தது, வடிகால் வந்ததில் கடல் வற்றியது, விராலும் வருவதில்லை. எனினும் ஞாயிறுதோறும் எதிர்வீட்டு அம்மா அழைக்கிறார்: "கல்லுதான் போச்சே, உள்ள வந்து உக்காந்து சாப்புடு கண்ணு." எதிர்நாட்டு மண்ணில், எவ்வுரிமையும் கோராமல், இரண்டாம் துண்டுக்குத் தட்டை நீட்டுகிறேன்.