தூக்கத்தில் கை ஓங்கிய என் வீட்டுக்காரர்

1997-ம் வருஷம், பம்மலில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாத மனுஷன். அவர் தூக்கத்தில் கத்த ஆரம்பித்தார். யாரோ துரத்துவது போலக் கனவு வரும். உதைப்பார், குத்துவார். எழுப்பினால் திகைத்துப் போவார். காலையில் வீங்கின என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே வேலைக்குப் போவார். இரண்டு வருஷம் இப்படியே போனது.

ஒருநாள் துணிகளைப் பையில் வைத்தார். "நான் அண்ணன் வூட்லயே போய் இருந்துக்கறேன். உன்ன எதுனா பண்ணிட்டா இன்னா செய்வேன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை போவதாக முடிவு.

நான் ஆறாவதோடு நின்றவள். எதற்கெடுத்தாலும் பயம். பேய் என்பார்களோ, பைத்தியம் என்பார்களோ. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் விண்ணப்பம் சொல்ல, நான் மட்டும் "சொல்ல முடியாத விண்ணப்பம்" என்று கையைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். முகத்துக் காயத்தைக் கேட்டால், குழாயில் இடித்துக்கொண்டேன் என்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை கன்னத்தில் காயத்தோடு போனேன்.

"இன்னா ஸ்டெல்லா, மறுபடியும் கொழாயில இட்ச்சிக்கினியா? மொதல்ல அந்தக் கொழாய மாத்து," என்றார் கூட்டம் நடத்தும் கிரேஸ் அக்கா. பிறகு முழங்காலில் நின்றோம். "ஆண்டவரே, ஸ்டெல்லா வீட்டுக்காரரைக் குடியிலிருந்து விடுவியும்," என்று அவரே சத்தமாக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சொட்டு தொடாத மனுஷன். தேவசமுகத்தில் அவர் மேல் அந்தப் பழி விழுந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் குடிக்க மாட்டார்க்கா. தூக்கத்துல அடிக்கிறார்," என்று சொல்லி அழுதுவிட்டேன்.

ஜெபம் நின்றது. நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற மேரி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவருக்கு வாசன தெரியுதா? நடை எதுனா மாறிச்சா?"

"கொழம்பு தீஞ்சாகூட தெரியலக்கா. ஒரு கைய வீசாமலே நடக்கறார்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வா. நானும் வரேன்."

நரம்பு டாக்டர் சோதித்துவிட்டு பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோயின் ஆரம்பம் என்றார். "கை நடுங்கறதுக்கு முன்னாடியே சிலருக்குத் தூக்கத்துல இப்படித் தெரியும்மா. அவர் வேணும்னு அடிக்கல," என்றார். அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் அங்கேயே அழுதார். ஞாயிற்றுக்கிழமை பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டார்.

மாத்திரையில் உதைப்பது குறைந்தது. கிரேஸ் அக்கா மன்னிப்புக் கேட்க வந்தபோது என் வீட்டுக்காரர், "பரவால்ல சிஸ்டர். நீங்க ஜெபிச்ச மாதிரியே இன்னும் குடிக்காமத்தான் கீறேன்," என்றார்.

நோய் போகவில்லை. இப்போது கை நடுங்குகிறது. சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுகிறேன். இவர் என்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் நான் கேட்டேன். கர்த்தர் அதைக் கொடுத்தார். வாய் திறக்கப் பயப்படுகிற சகோதரியே, அவரிடம் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவரிடமும் சொல்லுங்கள். கர்த்தர் அனுப்பும் உதவி அங்கேயே இருக்கலாம்.