அறுபத்திரண்டில் நின்ற டிஸ்க்

டிஸ்க் படிக்கிற டிரைவ் ஒன்றுக்காகக் காந்திபுரத்தில் நான்கு கடை ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான்காவது கடைக்காரர் பரணிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டியபடியே, "இதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். பழைய விண்டோஸ் டிஸ்க்குகளைப் பத்திரப்படுத்தப் போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ரகம் நான். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு எனக்கு ஒத்துப்போகிறது. பழைய டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக நகலெடுக்க வேண்டும். அந்தக் கோப்பைக் கணக்கிட்டு மென்பொருள் ஒரு நீளமான எண்ணைத் தரும். டிஸ்க்கில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் தலைகீழாக மாறிவிடும். உலகமெங்கும் என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் சேர்ந்து, அசல் டிஸ்க்குகளின் எண்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் எண் அதோடு ஒத்துப்போனால் சரக்கு அசல்.

என்னிடம் இருப்பது ஒரு பிஸ்கட் டின் நிறைய. மூடியைத் திறந்ததும் பழைய பிளாஸ்டிக் உறையின் வாசம் வந்தது. கூடவே சந்தனமும் மணத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பொய். சந்தனம் பிறகுதான் வந்தது. முதலில் கையில் சிக்கியது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. டிரைவில் போட்டேன். அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றுவிட்டது.

அந்த அறுபத்திரண்டை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அப்போது நான் நூறடி ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்த்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையிலிருந்து நேராக அங்கே போனவன். கம்ப்யூட்டர் எனக்கு அரைகுறை. கடையில் விவரம் தெரிந்தவர் சாந்தாமணி ஒருவர்தான். பெருந்துறைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒரிஜினல் டிஸ்க்குகள் இருந்த இரும்பு பீரோவின் சாவி அவரிடம்தான் இருந்தது. தாலிக்கயிறு மாதிரி அதைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார் என்று முதலாளி கேலி செய்வார். யார் எடுத்தாலும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், முதலாளியே ஆனாலும்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. நம் ஊரில் அன்றைக்குச் சந்தனமும் குங்குமமும் இல்லாமல் ஒரு ஸ்குரூடிரைவர்கூடத் தப்பிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். மானிட்டர், கீபோர்டு, ஸ்டெபிலைசர், வாசலில் நின்ற முதலாளியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். சாந்தாமணி பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் டிஸ்க்குகளுக்கும் வைத்தேன். படம் போட்ட பக்கத்தில் வைத்தால் பெயர் மறையுமே என்று யோசித்து, பின்னால் பளபளவென்று இருந்த பக்கத்தில் வைத்தேன். யோசித்துச் செய்ததுதான் கொடுமை. படிக்கிற பக்கமே அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் நானே வேட்டித் துணியால் எல்லாவற்றையும் துடைத்தும் வைத்தேன்.

விடுமுறை முடிந்து ஒரு மில் ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போடப் போனோம். மூன்றும் அறுபத்திரண்டில் நின்றன. ஒரிஜினல் இப்படி நிற்குமா என்று மில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். முதலாளிக்கு முகம் செத்துப்போனது. அசல் போலவே அச்சடித்த திருட்டு டிஸ்க்குகள் சல்லிசாகக் கிடைத்த காலம் அது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அவர் முடிவுகட்டினார்.

என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, உனக்கு என்னமோ தெரியுமாட்ட இருக்குது. ஒளிக்காமச் சொல்லு."

எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தர் நம்மை நம்பி ரகசியமாகக் கேட்கும்போது வெறுங்கையோடு நிற்க மனம் வருவதில்லை. "பூஜைக்கு முந்தி சாந்தாமணி அதைப் பெருந்துறைக்குக் கொண்டு போனாங்க" என்றேன். கையெழுத்துப் போட்டு, ஒரு வாடிக்கையாளரின் வேலைக்காகக் கொண்டு போனார் என்பதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

சாந்தாமணி அழவில்லை. "நான் மாத்தலீங்க. எப்படி வேணாலும் சோதிச்சுப் பாத்துக்குங்க" என்றார். எப்படிச் சோதிப்பது என்று அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. கடையை மூடும்போது முதலாளி, குப்பை என்று சொல்லி, டிஸ்க்குகளைப் போட்டிருந்த அந்தப் பிஸ்கட் டின்னை என்னிடம் தள்ளிவிட்டார்.

இப்போது டிரைவிலிருந்து எடுத்து, ஜன்னல் பக்கம் போய் டிஸ்க்கைச் சாய்த்துப் பார்த்தேன். விரல் நுனி அளவுக்கு மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம், என் விரல் நுனி அளவுக்கு. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் திரும்பப் போட்டேன். அறுபத்திரண்டைத் தாண்டி, நிற்காமல் நூறைத் தொட்டது. எண் பட்டியலோடு ஒத்துப்போனது. ஓர் எழுத்தும் மாறாத திருட்டு நகல் என்றாலும் ஒத்துப்போகுமே என்று என் புத்தி சொன்னது. நடு ஓட்டையைச் சுற்றிப் பொடி எழுத்தில் இருந்த, டிஸ்க்கை அச்சடித்த ஆலையின் எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். அசல்தான்.

சாந்தாமணியின் நம்பரைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. பெருந்துறையில் பில்லிங் மெஷின் சர்வீஸ் செய்யும் நண்பர் கொடுத்தார். சாந்தாமணி அங்கே டைப்பிங், ஜெராக்ஸ் சென்டர் வைத்திருக்கிறாராம். போன் செய்து, பழைய கடையிலிருந்து பேசுகிறேன், ஒரு விஷயத்தைச் சரிபார்த்தேன் என்று ஆரம்பித்தேன்.

"ஓடிபி எல்லாம் நான் சொல்ல மாட்டேனுங்க" என்று வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டு, பீரோ சாவியைப் பற்றிச் சொன்னதும்தான் பேசவிட்டார். பொட்டு வைத்ததையும், முதலாளியிடம் நான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"எங்கப்பாவும் இல்லீங்க. ஏன் வேலையை உட்டேன்னு கடைசி வரைக்கும் அவரு ஒரு வார்த்தை கேக்கலீங்க. நம்புனாரான்னு எனக்குத் தெரியாது."

டிஸ்க்கையே கூரியரில் அனுப்புகிறேன், நீங்களே போட்டுச் சரிபாருங்கள் என்றேன். தன் சென்டரில் எட்டு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒன்றில்கூட டிஸ்க் போடும் இடம் இல்லை என்றார். புதிதாக வருவதில் எல்லாம் அதை எடுத்துவிட்டார்கள். கடை போய்விட்டது. பீரோ எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. நாலு கடை ஏறி இறங்கி வாங்கிய என் டிரைவ் ஒன்றுதான் பாக்கி.

ஆகவே நான் சொன்னதைத்தான் அவர் நம்ப வேண்டும். "செரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நம்பினாரா என்று எனக்கும் தெரியாது.