உளுந்து மூட்டைக்கு அடியில் சொன்ன வார்த்தை

என் வீட்டுக்காரருக்குக் கால் போனது மூட்டை விழுந்ததால் இல்லை. விழுந்த மூட்டையை யாரும் உடனே தூக்காததால். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆபீஸ் ஆபீஸாகச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இங்கே பர்மாவில், அலோன் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் அவருக்கு எடை போடும் வேலை. உளுந்து மூட்டை அடுக்கு சரிந்து வலது காலை அமுக்கிக்கொண்டது. கையால் இழுத்தால் மேலே இருப்பதும் சரியும். மூட்டை தூக்கும் வண்டி பழுது. பக்கத்துக் கிடங்கில் நல்ல வண்டி சும்மா நின்றது. ஆனால் அடுத்தவன் வண்டியை உள்ளே விட மேனேஜர் உத்தரவு வேண்டுமாம். மேனேஜரோ ஊர் நடுவில் கியாக்டடா ஆபீசில். போனிலும் உத்தரவு தரவில்லை, நேரில் பார்த்துத்தான் சொல்வேன் என்றாராம். சுலே பக்கத்து பஸ் நெரிசலில் ஊர்ந்து அவர் வந்து சேர்ந்தபோது இவர் காலில் உணர்ச்சியே இல்லை. மூட்டையைச் சீக்கிரம் எடுத்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் வாய்விட்டே சொன்னார்.

விழுந்ததற்கு நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. அத்தனை நேரம் கிடந்தாரே, அதற்கு யார் பொறுப்பு? இதுதான் எங்கள் கேள்வி. தாமதம் தங்கள் தப்பு என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் நஷ்டஈடு கிடைத்துச் செயற்கைக் கால் வைக்க வழி உண்டு. இல்லையென்றால் கக்கத்தில் கட்டைதான்.

தொழிலாளர் ஆபீஸ் விசாரணையில், அதிகாரி முன்னால் கம்பெனி வக்கீல் அமைதியாக ஒன்றைக் கேட்டார்.

"மூட்டைக்கு அடியில் கிடந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

இவர் மறைக்கத் தெரியாதவர். "கெய்ச மஷிபூ என்று சொன்னேன்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பர்மாக்காரர் வாயில் நாள் முழுக்க வரும் வார்த்தை.

"பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று அவரே சம்மதித்திருக்கிறார்" என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஊரில் பிறந்த தமிழர்கள் எங்களுக்கு ஆனாடே என்று ஒன்று ரத்தத்திலேயே உண்டு. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூசுவது. பர்மாக்காரரிடமிருந்து வந்ததுதான், ஆனால் இவருக்கு அவர்களைவிட ஒரு படி கூட. கோயிலில் சாமியிடம் கேட்கக்கூடக் கூசுகிற ஆள். நசுங்கிக் கிடந்தபோதும், சுற்றி நின்றவர்கள் பதறுகிறார்களே என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அலுத்துப்போன முகம்.

"மன்னியுங்கள், இன்றும் முடியாது. அடுத்த மாதம் இன்னொரு தரம் வர வேண்டியிருக்கும்."

இவர் கட்டையை ஊன்றிப் பாதி எழுந்து, சிரித்த முகமாகச் சொன்னார்.

"கெய்ச மஷிபூ, சயா." சயா என்றால் ஐயா.

நான் எழுந்துவிட்டேன். "சயா, இப்போது காதால் கேட்டீர்கள் இல்லையா? காலில்லாத பக்கம் மடித்துக் கட்டிய லுங்கியோடு மூன்று மாடி ஏறி வந்த மனுஷன் சொல்கிறார், பரவாயில்லையாம். இதையா சம்மதம் என்கிறீர்கள்? அன்றைக்குச் சொன்னதும் இதே பரவாயில்லைதான்."

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார்.

"அன்றைக்கு நிஜமாகவே பரவாயில்லையா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயில் நான் கேட்டிராத பதில் வந்தது.

"இல்லை, சயா. ரொம்ப வலித்தது. எடுங்கள், எடுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது."

அதிகாரி அதை எழுதச் சொன்னார். தீர்ப்பு அடுத்த மாதம்.

திரும்பும்போது பஸ்ஸில் யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தவர் கட்டையை மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் அப்படிச் சொன்னதுல அந்த சயா மனசு சங்கடப்பட்டிருக்குமோ?"